கணையத்தில் கத்தி வைத்த டாக்டர் விப்பிள்

நம் வயிற்றில், இரைப்பைக்குப் பின்னால், கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. நீளம் ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவு. நாம் சாப்பிடும் பருப்பையும் இறைச்சியையும் கரைக்கும் நீர் அதில்தான் சுரக்கிறது.

அந்த நீர் குடலுக்குள் போனால் சோறு ஜீரணமாகும். வயிற்றுக்குள் கசிந்தாலோ நம் சதையையே அரித்துவிடும்!

அதனால் கணையத்தைத் தொடவே டாக்டர்கள் வெகு காலம் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைப் போக்கியவர்களில் முக்கியமானவர், அமெரிக்க டாக்டர் ஆலன் விப்பிள்.

பாரசீகத்தில் பிறந்தார்

விப்பிள் 1881-ம் ஆண்டு பாரசீகத்தில் உள்ள உர்மியா நகரில் பிறந்தார். இன்று அது ஈரான். தகப்பனார் அமெரிக்கப் பாதிரியார்.

விப்பிள் அமெரிக்கா சென்று படித்தார். 1908-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1921-ல் அங்கேயே ஆபரேஷன் துறையின் தலைமைப் பேராசிரியர் ஆனார். 1946 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

நூல் கரைந்தது

கணையத்தின் தலைப்பகுதிக்கு அருகே புற்றுநோய் வந்தால் பித்தம் போகும் வழி அடைபடும். கடுமையான மஞ்சள் காமாலை வரும். கட்டியோடு கணையத்தின் தலையையும், அதை ஒட்டிய குடலையும் வெட்டி எடுக்க வேண்டும்.

ஜெர்மனியில் கவுஷ் என்ற டாக்டர் 1909-லேயே இப்படி ஒரு ஆபரேஷனைச் செய்திருந்தார். ஆனால் அது பரவவில்லை.

1935-ல் விப்பிளும் அவருடைய தோழர்களும் மூன்று நோயாளிகளுக்குச் செய்த ஆபரேஷனைப் பற்றி எழுதினார்கள். முதல் நோயாளி சீக்கிரமே இறந்துபோனார். தையல் போட்டது ஆட்டுக் குடல் நூல். அதைக் கணைய நீர் கரைத்துவிட்டது. விப்பிள் பட்டு நூலுக்கு மாறினார்.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. காமாலை நோயாளிக்கு ரத்தம் எளிதில் உறையாது. அதனால் ஒரே நாளில் முடிக்காமல், இரண்டு தவணையாக ஆபரேஷன் செய்தார்கள். வைட்டமின் கே என்ற மருந்து வந்த பிறகு ரத்தம் உறைந்தது. 1940-ல் விப்பிள் முழு ஆபரேஷனையும் ஒரே தடவையில் செய்து காட்டினார்.

ரத்தமும் உப்பு நீரும்

வெட்டித் தைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. பல மணி நேரம் வயிறு திறந்திருக்கிறது. ரத்தம் போகிறது. உடம்பின் நீரும் உப்பும் குறைகின்றன. அதை ஈடுகட்ட வேண்டும்.

விப்பிள் தலைமை வகித்த துறைக்கு 1938-ல் சார்லஸ் ட்ரூ என்ற கறுப்பின டாக்டர் வந்தார். அவரை ஸ்கடர் என்ற டாக்டரிடம் ஆராய்ச்சிக்கு விட்டார் விப்பிள். உடம்பின் நீர்க் கணக்கையும், ரத்தத்தைச் சேமிக்கும் முறையையும் இருவரும் ஆராய்ந்தார்கள். 1939-ல் அந்த ஆஸ்பத்திரியில் ரத்த வங்கி தொடங்கியது. யுத்த காலத்தில் ட்ரூவின் அறிவு பல உயிர்களைக் காத்தது.

கூடினாலும் ஆபத்து

நோயாளியின் கையில் ஊசி குத்தி, பாட்டிலில் இருந்து நீர் ஏற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள் என்று சொல்வோம். பெரும்பாலும் அது உப்பு நீர்தான். நிறைய ஏற்றினால் நல்லது என்று நினைக்க வேண்டாம்.

அளவு மீறினால் குடல் வீங்கும். நுரையீரலில் நீர் கோக்கும். குறைந்தால் சிறுநீரகம் வாடும்.

2018-ல் ஏழு நாடுகளில், பெரிய வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 3000 பேரிடம் நடந்த ஆராய்ச்சி வெளிவந்தது. நீரை மிகவும் சுருக்கிக் கொடுத்தவர்களில் 100-க்கு 8 முதல் 9 பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. தாராளமாகக் கொடுத்தவர்களில் 100-க்கு 5 பேருக்கே பாதித்தது. மிகவும் சுருக்குவதும் தவறு என்று தெரிந்தது.

அவர் பெயர் நிலைத்தது

விப்பிள் தம் வாழ்நாளில் இந்த ஆபரேஷனை 37 தடவைதான் செய்தார். 1963-ல், 81-ம் வயதில் காலமானார். இன்றும் உலகெங்கும் இதற்கு விப்பிள் ஆபரேஷன் என்றே பெயர்.

நல்ல பழக்கமுள்ள ஆஸ்பத்திரிகளில் இன்று இதனால் இறப்பவர்கள் 100-க்கு 5 பேருக்கும் குறைவு. ஆனால் தையலில் கசிவு, ரத்தப்போக்கு போன்ற தொல்லைகள் இன்னும் பலருக்கு வருகின்றன. அதனால்தான் உள்ளே போகும் நீரையும், வெளியே வரும் சிறுநீரையும், வயிற்றில் வைத்த குழாயில் வடிவதையும் நர்சுகள் அளந்து எழுதுகிறார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிப்பட்ட ஆபரேஷன் நடந்தால், தாகம் என்று அவர் கெஞ்சலாம். மனம் இளகி, யாருக்கும் தெரியாமல் தண்ணீரோ இளநீரோ கொடுத்துவிடாதீர்கள். நர்சைக் கேளுங்கள். எப்போது, எவ்வளவு கொடுக்கலாம் என்று அவர் சொல்வார். அந்தக் கணக்கில்தான் நோயாளியின் உயிர் இருக்கிறது.