கூகுளில் வரும் தாடிக்காரர் இவர் இல்லை... பார்க்கின்சன் நோய்க்குப் பெயர் தந்த டாக்டரின் கதை!

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்று கூகுளில் தேடினால் தாடி வைத்த ஒருவரின் போட்டோ வரும். ஆனா அது அவர் இல்லை. கேமரா புழக்கத்துக்கு வரும் முன்பே, 1824-ல் அவர் இறந்துவிட்டார். அவர் முகம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல ஒரு ஓவியம்கூட கிடையாது.

யார் இவர்?

1755 ஏப்ரல் 11 அன்று லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தவர். உலக பார்க்கின்சன் தினம் ஏப்ரல் 11-ல் வருவது இதனால்தான். அப்பாவும் வைத்தியர். அதே ஊரில் அதே தொழிலை மகனும் செய்தார்.

ஆள் சாதாரணமானவர் இல்லை. சாமானியர்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று கேட்ட சங்கத்தில் சேர்ந்து, 'ஓல்ட் ஹியூபர்ட்' என்ற புனைபெயரில் அரசை விளாசி எழுதினார். 1794-ல், மன்னரை விஷ அம்பு எய்து கொல்ல சதி என்று ஒரு வழக்கு கிளம்பியபோது, இவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். நடுவில் புதைபடிவங்களைப் பற்றி 3 பெரிய தொகுதிகள் வேற!

தெருவில் பார்த்த நோய்

இன்று அவர் பெயர் நிலைத்திருப்பதற்குக் காரணம், 1817-ல் 62-வது வயதில் வெளியிட்ட 66 பக்க புத்தகம். அதில் இருப்பது வெறும் 6 பேரின் கதை. அவர்களில் சிலர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்கள்கூட இல்லை. சிலரைத் தெருவில் பார்த்து நிறுத்தி விசாரித்தார். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அந்த மனிதரால் தானாக நடக்கத் தொடங்க முடியாது. உதவியாளர் தோளைப் பிடித்து நிதானப்படுத்தி விட்டதும் ஓட ஆரம்பிப்பார். விழாமல் பிடிக்க உதவியாளர் முன்னால் ஓட வேண்டும்.

இன்னொருவர் 50 வயதைத் தாண்டிய தோட்டக்காரர். நடுக்கம் முதலில் வந்தது இடது கையில். ஒரு பக்கம் தொடங்கி, மெதுவாக மற்ற இடங்களுக்குப் பரவுவதை பார்க்கின்சன் படிப்படியாக எழுதி வைத்தார்.

எங்கே தவறினார்?

கோளாறு கழுத்துப் பகுதி தண்டுவடத்தில் இருக்கலாம் என்று நினைத்தார். கழுத்தில் ரத்தம் எடுப்பதுதான் அவர் சொன்ன சிகிச்சை. இரண்டுமே தப்பு. ஆனா இது யூகம்தான், இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு தனக்குக் கிடைக்கவில்லை என்று அவரே ஒளிக்காமல் எழுதினார். மற்றவர்கள் ஆராய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அந்த நேர்மைதான் பெரிய விஷயம்.

பதில் வர 100 வருஷத்துக்கு மேல் ஆனது. 1919-ல்தான் மூளையின் அடிப்பகுதியில் உள்ள 'கருப்புப் பொருள்' பகுதியில் செல்கள் அழிவதை ட்ரெட்டியாகோஃப் என்ற ஆய்வாளர் காட்டினார். அதுவும் இறந்தவர்களின் மூளையில்!

உயிரோடு இருப்பவரின் மூளையில் பார்ப்பது எப்படி?

சாதாரண எம்ஆர்ஐ பெரும்பாலும் நார்மலாகவே தெரியும். அதனால் டாட் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. லேசான கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றி, 3 முதல் 6 மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். டோபமைன் நரம்புகள் நன்றாக இருக்கும் இடங்களில் மருந்து ஒட்டிக்கொண்டு பளிச்சென்று தெரியும். ஆரோக்கியமான மூளையில் அந்த ஒளி இருபுறமும் காற்புள்ளி போல இருக்கும். நோய் வந்தால் வால் மறைந்து முற்றுப்புள்ளி போல சுருங்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் முதலில் மங்கும். அந்தத் தோட்டக்காரருக்கு எடுத்திருந்தால், இடது கை நடுக்கத்துக்கு மூளையின் வலது பக்கம் அதிகமாக மங்கியிருக்கும்.

2010-ல் தொடங்கிய பிபிஎம்ஐ என்ற ஆய்வில், ஒரே நபருக்கு பல வருடங்கள் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்து நோய் எப்படி நகர்கிறது என்று பார்க்கிறார்கள். கை நடுங்கும் முன்பே கணிசமான சேதம் நடந்துவிடுகிறது என்பதால், சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் இலக்கு. நோயின் ஓட்டத்தையாவது நிறுத்த ஒரு வழி கிடைக்கும் என்ற நம்பிக்கை பார்க்கின்சனுக்கும் இருந்தது. அந்த மருந்து இன்னும் வரவில்லை.

ஸ்கேன் மட்டுமே போதுமா என்றால், இல்லை. இதே போன்ற வேறு சில நோய்களிலும் படம் இப்படியே வரும். அதனால் இன்றும் நரம்பியல் டாக்டர் முதலில் செய்வது, விரலைத் தட்டச் சொல்லி, எழுந்து நடக்கச் சொல்லிப் பார்ப்பதுதான்.