உறைந்த தோள்பட்டை: மருத்துவர் காட்மேனும் ஓராண்டு அட்டையும்

உழவர்கரையில் தோள்பட்டை இறுக்கத்திற்காக இயன்முறை சிகிச்சைக்குச் செல்பவரா நீங்கள்? உங்கள் மருத்துவச் சீட்டில் பெரிஆர்த்ரைட்டிஸ் என்று எழுதியிருக்கலாம். அது பாரிஸ் அறுவை மருத்துவர் டுப்ளே 1872-இல் வைத்த பெயரின் எச்சம். உறைந்த தோள்பட்டை என்ற பெயரை 1934-இல் தந்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த எர்னஸ்ட் அமோரி காட்மேன். உங்களுக்குக் கற்றுத்தரப்படும் ஊசல் பயிற்சியும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

காட்மேன் 1869-இல் பிறந்தார்; 1895-இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்று, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவரானார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்தார். என்ன குறை, என்ன சிகிச்சை, ஓராண்டுக்குப் பின் நிலை என்ன, குணமாகவில்லையெனில் ஏன் என்பவற்றை அதில் குறித்தார். எல்லா மருத்துவமனைகளும் இதைச் செய்து வெளியிட வேண்டும் என்றார். உடன் பணிபுரிந்தோர் இதை விரும்பவில்லை. 1914-இல் பதவி விலகினார். மறு ஆண்டு, மருத்துவர்கள் கூடிய அவையில் பாஸ்டன் மருத்துவ உலகைப் பகடி செய்யும் பெரிய கேலிச்சித்திரத்தைத் திறந்து காட்டிப் பகையைத் தேடிக்கொண்டார். அதில் நிதானம் குறைவுதான். ஆனால் தமது சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்ற 337 பேரின் விவரத்தோடு 123 பிழைகளையும் அச்சிட்டு வெளியிட்டவர் அவர். 1940-இல் மறைந்தார், அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் 2014-இல்தான் நடப்பட்டது.

ஓராண்டு கழித்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் இந்நோய்க்கு மிகவும் பொருந்தும். தோள் மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்குகிறது. முதலில் கடும் வலி, அடுத்து இறுக்கம், பிறகு மெல்லத் தளர்வு. இதற்கு ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை ஆகலாம். சிலருக்குச் சிறிது இறுக்கம் எஞ்சும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம் வருகிறது, நீண்டும் நிற்கிறது. பத்து நாளில் பயனில்லை என்று பயிற்சியை விட்டுவிடுவோரே பலர்.

ஊசல் பயிற்சிக்கு, நலமான கையை மேசையில் ஊன்றிக் குனியுங்கள். வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். கையை நீங்களாக ஆட்டாதீர்கள்; உடலை மெல்ல அசைத்தால் கை தானே முன்னும் பின்னும், பிறகு வட்டமாகவும் ஆடும். தோளைத் தூக்கும் தசைகளுக்கு வேலை தராமல், கையின் எடையே மூட்டைத் தளர்த்தட்டும் என்பதே இதன் கருத்து. குனிந்தால் தலைசுற்றுவோர் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். வலி தணிந்த பின் சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சியையும், முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுக்கும் பயிற்சியையும் இயன்முறை சிகிச்சையாளர் சேர்ப்பார். வலிக் கட்டத்தில் யாரும் கையைப் பிடித்து வலிந்து திருப்ப வேண்டாம், எலும்பு முறியக்கூடும். சர்க்கரை நோயால் உணர்வு மரத்தவர்கள் ஒத்தடத்தின் சூட்டை வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் கவனித்துக்கொள்பவரே அட்டையை எழுதலாம். மாதம் ஒருமுறை தேதியிட்டு, கை சுவரில் எட்டிய உயரம், கட்டைவிரல் முதுகில் தொட்ட இடம், இரவில் தூக்கம் கலைந்ததா, சர்க்கரை அளவு ஆகியவற்றைக் குறியுங்கள். அடுத்த முறை வரும்போது சீட்டுடன் அதையும் கொண்டுவாருங்கள்.