சாம்புவைத் தந்த தேவன்

காவிரி பாயும் சோழ நாடு நெல் வளத்தால் பெயர் பெற்றது. இசைக்கும் சிற்பத்திற்கும் இருப்பிடமாய்த் திகழ்வது. அந்நாடு தூய நகைச்சுவைக்கும் தாயகமாயிற்று என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. குடவாசலுக்கு வடக்கே, கும்பகோணத்தை அடுத்து, மகாலிங்கப் பெருமான் கோயில் கொண்ட திருவிடைமருதூர் உள்ளது. அவ்வூரில் 1913-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் மகாதேவன் பிறந்தார். அவரே பிற்காலத்தில் 'தேவன்' என்னும் புனைபெயரால் தமிழ் மக்கள் உள்ளங்களில் இடம் பெற்றவர்.

மகாதேவன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார், சிறிது காலம் ஆசிரியராகவும் பணி புரிந்தார். அந்நாளில் கல்கியை ஆசிரியராகக் கொண்டிருந்த 'ஆனந்த விகடன்' இதழுக்கு நகைச்சுவைக் கட்டுரை ஒன்றை எழுதி அனுப்பினார். அதில் ஒளிர்ந்த திறமை அவரை அவ்விதழின் துணையாசிரியராக்கியது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. பின்னர் நிர்வாக ஆசிரியராகவும் உயர்ந்தார்.

தேவன் எழுதிய தொடர்கள் பல. நீதிமன்ற விசாரணையையே கதையாக்கிய 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' அவற்றுள் ஒன்று. ஆயினும் சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரையும் கவர்ந்தது 'துப்பறியும் சாம்பு' என்னும் கதை வரிசையேயாகும்.

மேனாட்டுத் துப்பறியும் கதைகளின் தலைவன் கூரிய அறிவு படைத்தவன். ஷெர்லாக் ஹோம்ஸ் சிறு தடயங்களைக் கொண்டே குற்றவாளியைக் கண்டுபிடிப்பான். சாம்புவோ அவனுக்கு நேர்மாறானவன். வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவன், அறிவுக் கூர்மையற்றவன். ஒன்றை எண்ணி வேறொன்றைச் செய்வான். அப்பிழையே கள்வனைக் காட்டிக் கொடுக்கும். உலகம் அவனை மேதை என்று போற்றும். புகழுக்குக் காரணம் என்னவென்று அவனே அறியான்! இன்ஸ்பெக்டர் கோபாலனோ வியப்பில் ஆழ்வார்.

இக்கதைகளைப் படிப்போர் சாம்புவை எண்ணி நகைப்பரேயன்றி அவனை இகழார். எளியவன் ஒருவனுக்கும் நல்வினை கைகொடுக்கும் என்னும் ஆறுதல் அந்நகைப்பினுள் மறைந்துள்ளது. பிறர் மனத்தைப் புண்படுத்தாமல் சிரிக்கச் செய்வது அரிய கலை. அக்கலை தேவனுக்கு இயல்பாய் அமைந்திருந்தது.

1957-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், தம் நாற்பத்து மூன்றாம் வயதில் தேவன் மறைந்தார். இலட்சக்கணக்கானோர் வாரந்தோறும் ஆவலுடன் படித்த அவருடைய பெருங்கதைகள் பல, அவர் வாழ்நாளில் நூல் வடிவம் பெறவில்லை. தம் படைப்புகளை நூலாகக் கையில் ஏந்தி மகிழும் பேறு, அவற்றைப் பொறுத்தவரை அவருக்கு வாய்க்காமற் போயிற்று.

ஆனால், சாம்பு மறையவில்லை. தஞ்சையில் பிறந்து கும்பகோணத்தில் ஓவியம் பயின்ற கோபுலு, தேவன் மறைந்த பின் அக்கதைகளைச் சித்திரத் தொடராக விகடனில் வரைந்தார். சாம்பு ஒன்றும் அறியாமல் விழிப்பதையும், எதிரே நிற்போர் அவனை மேதையெனக் கருதி மலைப்பதையும் ஒரே கட்டத்திற்குள் காட்டச் சித்திரத்தால் இயலும். எழுத்தில் இருந்த நகைச்சுவை இவ்வாறு கண்ணுக்கும் விருந்தாயிற்று. இதழ்களில் வந்த தொடர்களின் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து, அட்டை கட்டிப் பாதுகாப்பது அக்காலத்து இல்லங்கள் பலவற்றில் வழக்கமாயிருந்தது. ஆசிரியர் காணாத நூல்களை வாசகர் தம் கையாலேயே உருவாக்கிக் கொண்டனர். பின்னர்த் தேவன் கதைகள் முறையாக நூல்களாகவும் வெளிவந்தன. சாம்பு தொலைக்காட்சியிலும் தோன்றினான்.

வார இதழ் ஒரு வாரமே வாழ்வது. அடுத்த இதழ் வந்ததும் முந்தையது பழையதாகிவிடும். அத்தகைய தாளில் எழுதியும் தேவன் நிலைத்த புகழ் பெற்றார். அன்பிற் பிறந்த நகைச்சுவைக்கு மூப்பில்லை என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.