கணக்கில் வராத செலவும் கரையேறிய பூதமும்

காஞ்சிபுரத்தில் வளர்ந்தவர்களுக்குப் பேருருவம் புதிதன்று. உலகளந்த பெருமாள் கோயிலில் ஏறத்தாழ 35 அடி உயரத் திருமேனியை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தோம். ஓய்வுபெற்ற பின் பேரனுடன் அமர்ந்து அமெரிக்க, ஜப்பானிய ராட்சத விலங்குப் படங்களைப் பார்த்தபோது, உருவத்தைவிட அவற்றின் உட்பொருளே என்னை ஈர்த்தது. அந்த வேறுபாட்டை உணர எய்ஜி சுபுராயாவின் வாழ்க்கையை அறிய வேண்டும்.

ஜப்பானின் புகுஷிமா மாகாணத்துச் சுககாவாவில் 1901-இல் பிறந்த அவர், இளமையிலேயே தாயை இழந்தார். விமானியாகும் கனவுடன் சேர்ந்த பயிற்சிப் பள்ளி மூடப்பட்டது. திரைப்பட ஒளிப்பதிவுக்கு வந்தார். 1933-இல் வெளியான அமெரிக்கப் படமான 'கிங் காங்' அவரை ஆட்கொண்டது. தறியோசையில் வளர்ந்த நான் இழை இழையாகச் சேலையைப் பார்ப்பதுபோல, அவர் அப்படச்சுருளைச் சட்டகம் சட்டகமாக ஆராய்ந்தார்.

1942-இல் ஹவாய்த் தாக்குதலைப் போற்றும் போர்ப்படத்துக்குச் சிற்றுருக்களைக் கொண்டு தந்திரக் காட்சிகளை அமைத்தார். தோல்விக்குப் பின், போர்க்காலப் பணிக்காக 1948-இல் பதவி இழந்தார். திறமைக்குத் தானாக மனசாட்சி வாய்ப்பதில்லை.

1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றில் இருந்த 23 பேர்மீது படிந்தது. செப்டம்பரில் அவர்களுள் ஒருவர் இறந்தார். நவம்பர் 3 அன்று 'கோட்ஜில்லா' வெளிவந்தது. இயக்குநர் இஷிரோ ஹோண்டா. தந்திரக் காட்சிகள் சுபுராயா. பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கும் அமெரிக்க முறைக்குக் காலமும் பணமும் இல்லை. எனவே கனத்த உடைக்குள் ஒரு மனிதரை நிறுத்திச் சிற்றுரு டோக்கியோவை மிதிக்கவைத்தார்.

முந்தைய ஆண்டு வெளியான 'தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபேதம்ஸ்' என்ற அமெரிக்கப் படத்திலும் அணுகுண்டே விலங்கை எழுப்புகிறது. ஆனால் கதிரியக்கப் பொருளே அதைக் கொன்று ஊரைக் காக்கிறது. ஜப்பானியப் படத்தில் அறிவியலாளர் தம் குறிப்புகளை எரித்து, தாம் கண்டுபிடித்த ஆயுதத்துடன் தாமும் கடலில் மடிகிறார். 1956-இல் அமெரிக்கா அப்படத்தை மாற்றி வெளியிட்டபோது, ஓர் அமெரிக்கச் செய்தியாளர் நுழைக்கப்பட்டார்; அணுச் சோதனை மீதான விமர்சனம் மங்கியது.

பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம்: ஒருவர் செயலின் செலவைத் தொடர்பில்லாத மற்றொருவர் சுமப்பது. கணக்கில் எழுதப்படாத அச்செலவு கரையேறி வந்ததே கோட்ஜில்லா.

சுபுராயா 1966-இல் 'அல்ட்ராமேன்' தொடரைத் தந்து, 1970-இல் மறைந்தார். அவர் பூதத்தை நாம் பொழுதுபோக்காகவே பார்க்கிறோம். எங்கள் ஊரை ஒட்டிய பாலாற்றில், மேற்கே உள்ள தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கலந்தது. மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது 1996-இல். செலவைக் குறைக்கும் வழிகளை மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கற்பித்தேன். குறைத்த செலவு யார் தலையில் விழுகிறது என்பதை அவ்வளவு அழுத்தமாகக் கற்பிக்கவில்லை. வகுப்பறையில் விட்டதைப் பேரனிடமாவது சொல்லத் தொடங்கியிருக்கிறேன்.