தேடி வந்த நகராட்சித் தலைவர் பதவியை காமராஜர் ஏன் உதறினார்? சமூகப் பணியில் இருப்பவர்களுக்கு அவர் வாழ்க்கை சொல்வது என்ன?

விருதுநகரில் இருந்து காரியாபட்டி போகிற பஸ்ஸில் ஏறினால், கொஞ்ச நேரத்திலேயே மல்லாங்கிணறு வந்துவிடும். மழையை நம்பிய கரிசல் காடு ஒரு பக்கம், சிவகாசியைச் சுற்றிய பட்டாசு, தீப்பெட்டி வேலை இன்னொரு பக்கம். இந்த வட்டாரத்தில் கையில் நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகப் போகிற ஒருவரை அடிக்கடி பார்க்கலாம். அவர் தொண்டு நிறுவனப் பணியாளராக இருக்கலாம், அரசுத் திட்டத்தின் களப்பணியாளராக இருக்கலாம், சமூகப் பணி படிக்கிற மாணவராகவும் இருக்கலாம்.

அந்த நோட்டில் யார் பெயர் ஏறுகிறது, யார் பெயர் விடுபடுகிறது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் அடுத்த ஒரு வருஷமே இருக்கிறது. விதவை உதவித்தொகையோ, பிள்ளையின் படிப்புச் செலவோ, விபத்துக்குப் பிறகு வரும் நிவாரணமோ, எல்லாமே ஒரு பட்டியலில் இருந்துதான் தொடங்கும். பட்டியல் எழுதுகிறவர் தன் சித்தப்பா மகன் பெயரை மேலே ஏற்றினால், கீழே இருக்கிற யாரோ ஒருத்தருக்கு அது கிடைக்காமல் போகும்.

சமூகப் பணியில் நேர்மை என்று பாடப்புத்தகம் பேசுவது இதைத்தான். இதைப் புரிந்துகொள்ள வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். இதே மாவட்டத்தில் பிறந்த ஒருவரின் வாழ்க்கை போதும். பெயர் காமராஜர்.

யார் இவர்? ஒரு சின்ன ரீவைண்ட்

1903 ஜூலை 15. அப்போது விருதுபட்டி என்று அழைக்கப்பட்ட ஊரில் குமாரசாமி, சிவகாமி தம்பதிக்குப் பிறந்தவர் காமராஜர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மாவும் தங்கை நாகம்மாளும்தான் குடும்பம்.

அவர் படித்தது சத்திரிய வித்யாசாலா பள்ளியில். அந்தப் பள்ளிக்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு. வீட்டில் சமையலுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். வீடு வீடாகச் சேர்ந்த அந்தப் பிடியரிசிதான் பள்ளி நடத்த உதவியது. ஊர்ப் பணம் என்றால் என்ன, அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதை ஒரு பையன் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

படிப்பு பாதியில் நின்றது. தாய்மாமன் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அரசியல் கூட்டங்களுக்கு ஓடுகிறான் என்று திருவனந்தபுரத்தில் இருந்த இன்னொரு மாமன் கடைக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே போய் வைக்கம் போராட்டத்தில் கலந்துகொண்டார். 1930-இல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம் தொடர்பாகச் சிறை. 1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. குற்றம் நிரூபிக்கப்படாமல் விடுதலையானார். 1937-இல் சாத்தூரில் இருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1940-இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர்.

சிறையில் இருந்தபடியே சேர்மன்: நடந்தது என்ன?

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

1940-இல் தனிநபர் சத்தியாகிரகத்தில் பங்கேற்கப் போகிறவர்களின் பட்டியலோடு காந்தியைப் பார்க்க வார்தாவுக்குக் கிளம்பினார் காமராஜர். வழியிலேயே கைது. வேலூர் சிறையில் அடைத்தார்கள். அவர் உள்ளே இருந்தபோதே, 1941-இல், விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்க. சொந்த ஊர். கேட்காமலே வந்த பதவி. இன்றைக்கு ஒருவருக்கு இப்படி வாய்த்தால் ஊர் முழுக்க பேனர் நின்றிருக்கும்.

விடுதலையாகி வந்த காமராஜர் நகராட்சிக்குப் போனார். ராஜினாமா செய்தார். அவ்வளவுதான்.

காரணம் எளிமையானது. மாநிலம் முழுக்கக் கட்சி வேலை, எந்த நேரமும் மறுபடி கைது ஆகலாம் என்ற நிலைமை. இந்த நிலையில் குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்று தினமும் கவனிக்க வேண்டிய ஒரு பதவியை வைத்துக்கொள்வது ஊருக்குச் செய்கிற நியாயம் இல்லை என்று அவர் நினைத்தார். முழுசாகச் செய்ய முடியாத வேலையின் நாற்காலியில் உட்காரக்கூடாது என்பது அவர் கணக்கு.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். அவர் பதவியில் இருந்திருந்தால் காசு திருடியிருக்கப் போவதில்லை. ஆனாலும் விலகினார். ஏன் என்றால், நேர்மை என்பது கை சுத்தமாக இருப்பது மட்டும் இல்லை. ஒரு களப்பணியாளர் தன்னால் கவனிக்க முடிகிற குடும்பங்களைவிட இரண்டு மடங்கு குடும்பங்களை ஏற்றுக்கொண்டு, போகாத வீட்டுக்குப் போனதாக ரிப்போர்ட் எழுதினால், அவர் ஒரு பைசாகூட எடுக்கவில்லை என்றாலும் அது பொய்தான்.

தப்பிக்கத் தெரிந்தும் ஏன் கைதானார்?

அடுத்த சம்பவம் 1942. பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது. தலைவர்களைப் போலீஸ் வரிசையாகப் பிடித்தது. திரும்பி வந்த காமராஜர் சென்னை வரை வராமல் அரக்கோணத்திலேயே இறங்கிவிட்டார். பல ஊர்களுக்குப் போய்த் தொண்டர்களைப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, வேலையைப் பிரித்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் விருதுநகருக்கு வந்து, தானே போலீசுக்குத் தகவல் சொல்லிக் கைதானார். அதன் பிறகு சுமார் மூன்று வருஷம் சிறை.

தன் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் சிறைக்குப் போகும்போது தான் மட்டும் ஒளிந்திருக்கக் கூடாது என்பதுதான் இதில் இருக்கிற நியாயம். மக்களை ஒரு போராட்டத்துக்கோ மனு கொடுக்கவோ கூட்டிப்போகிற எந்த சமூகப் பணியாளருக்கும் இது பொருந்தும்.

முதலமைச்சர் ஆன பிறகு மாறினாரா?

1954 ஏப்ரல் 13-இல் முதலமைச்சர். அப்போது அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவை உறுப்பினர். சட்டமன்றத்தில் இடம் இல்லை. மேலவை வழியாக உள்ளே வருவதற்கு வழி இருந்தது. அந்தச் சுலபமான வழியை அவர் எடுக்கவில்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, மக்கள் ஓட்டு வாங்கித்தான் வந்தார்.

கட்சித் தலைமைக்குத் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். தன்னையும் சேர்த்து மொத்தமே எட்டுப் பேர்தான். திறமை இருக்கிறவர் எந்த அணி என்று பார்க்கவில்லை.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். அம்மா சிவகாமி விருதுநகரிலேயே இருந்தார். மகன் முதலமைச்சர் என்பதால் சென்னைக்கு வந்து அரசு வீட்டில் தங்கவில்லை. ஊர் மக்கள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த வீட்டுக்கு மட்டும் நகராட்சி தனிக் குழாய் இணைப்பு கொடுத்தது. விஷயம் தெரிந்ததும் அதை எடுக்கச் சொல்லிவிட்டார் காமராஜர்.

தண்ணீர்ப் பஞ்சம் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியும். ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்கும் தெரியும். நிற்பது தன் அம்மா என்பதும் தெரியும். இதில் குழாயைப் போட்டது அவர் இல்லை, யாரோ மரியாதைக்காகச் செய்தது. ஆனாலும் தன் பதவியால் தன் வீட்டுக்கு வந்த சலுகை என்பதால் அது வேண்டாம் என்றார். சமூகப் பணிப் பாடத்தில் இதைச் சொந்த நலனும் பொது நலனும் மோதுகிற இடம் என்பார்கள். பெரும்பாலும் அது லஞ்சமாக வராது. இப்படி அன்பாக, மரியாதையாகத்தான் வரும்.

பள்ளிக்கூடச் சோறு: ஊர்ப் பணத்துக்கு ஊர்க் கணக்கு

1920-இலேயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சியின் தியாகராயர் மதிய உணவு கொடுத்துப் பார்த்திருக்கிறார். அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது காமராஜர் ஆட்சி. 1956-இல் எட்டயபுரத்தில் தொடக்கம். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு இதற்குப் பெரிய துணை.

திட்டத்தில் அரசுப் பணம் மட்டும் இல்லை. ஊர் மக்களும் பங்கு போட்டார்கள். நெல், அரிசி, காய்கறி, பாத்திரம் என்று யாருக்கு எது முடிந்ததோ அது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்ற பெயரில் ஊர் ஊராக நடந்த கூட்டங்களில் கட்டடம், மேசை, நாற்காலி, நிலம் எல்லாம் நன்கொடையாக வந்தன. விருதுநகரின் பிடியரிசிதான் பெரிய அளவில் மறுபடி நடந்தது என்று சொல்லலாம்.

கொடுத்தவர் அதே ஊரில், அதே தெருவில் இருப்பார். அவர் பிள்ளையும் அதே பந்தியில் உட்காரும். சோறு குறைந்தால் அன்றைக்குச் சாயங்காலமே கேள்வி வரும். நன்கொடை வாங்குகிற எந்த அமைப்பும் இதை யோசித்துப் பார்க்கணும். எங்கேயோ இருக்கிற கொடையாளருக்கு அழகாகக் கணக்கு அனுப்புகிறோம். உதவி வாங்குகிற ஊருக்கு அந்தக் கணக்கைக் காட்டுகிறோமா?

அப்படின்னா அவர்மேல் குறையே இல்லையா?

இருக்கிறது. அதையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே நேர்மையாக இருக்காது.

1956 ஜூலை 27. அதே விருதுநகர்க்காரரான சங்கரலிங்கனார், சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைப்பது உட்பட 12 கோரிக்கைகளுடன் உண்ணாவிரதம் தொடங்கினார். தலைவர்கள் ஆடம்பரம் இல்லாமல் வாழணும் என்பதும் அதில் ஒன்று. அவரும் காந்தியவாதி, கதர் விற்றவர், தன் சேமிப்பைப் பெண் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்குக் கொடுத்தவர். அக்டோபர் 13-இல் உயிரிழந்தார். அப்போது முதலமைச்சர் காமராஜர். பெயர் மாற்றம் அவர் ஆட்சியில் நடக்கவில்லை. அண்ணா ஆட்சியில் 1967-இல் சட்டமன்றத் தீர்மானம் நிறைவேறி, 1969 ஜனவரி 14-இல்தான் அமலுக்கு வந்தது.

ஒரே ஊர், ஒரே கட்சியில் வளர்ந்தவர்கள், இரண்டு பேரும் நேர்மையானவர்கள். ஆனாலும் ஒருவர் குரல் இன்னொருவர் அரசுக்குப் போய்ச் சேரவில்லை. நேர்மையாக இருக்கிறோம் என்பதாலேயே நாம் எடுக்கிற முடிவு சரியாகிவிடாது என்பதற்கு இதுவே சாட்சி.

இன்னொன்று, சிவகாசி. மதிய உணவு பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது உண்மை. ஆனால் அவர் பிறந்த மாவட்டத்திலேயே தீப்பெட்டி, பட்டாசு வேலையில் சிறுவர்கள் இருந்தது அதோடு முடிந்துவிடவில்லை. இந்த வேலைகளில் குழந்தைகளைச் சேர்க்கத் தடை போட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986-இல். அதை நடைமுறைக்குக் கொண்டுவரப் பல வருஷம் பிடித்தது. வீட்டில் அடுப்பு எரியணும் என்றால் பிள்ளையின் கூலியும் வேண்டும் என்ற நிலைமையை ஒருவேளைச் சோறு மட்டும் மாற்றிவிட முடியவில்லை.

கடைசியில் என்ன கிடைத்தது?

1963 அக்டோபர் 2-இல் கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியை விட்டார். மூத்தவர்கள் பதவி விலகிக் கட்சி வேலை பார்க்கணும் என்ற யோசனை அவருடையது. அதைத் தன்னிடமிருந்தே தொடங்கினார். 1964-இல் அகில இந்திய காங்கிரஸ் தலைவர். சாஸ்திரி, இந்திரா என இரண்டு பிரதமர்கள் தேர்வாக முக்கியக் காரணமாக இருந்தார். தான் அந்த நாற்காலிக்குப் போகவில்லை.

1967-இல் சொந்தத் தொகுதியான விருதுநகரில் திமுகவின் மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். நேர்மைக்குப் பரிசு கிடைத்தே தீரும் என்று நினைக்கிறவர்களுக்கு இது கசப்பான பாடம். அரிசித் தட்டுப்பாடும் மொழிப் போராட்டமும் கட்சிமேல் ஏற்படுத்திய கோபம், அவரையும் சேர்த்தே அடித்தது. அவர் முடிவை ஏற்றுக்கொண்டார். 1969-இல் நாகர்கோவிலில் நின்று மக்களவைக்குப் போனார்.

1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், சென்னை தி.நகர் திருமலைப்பிள்ளை சாலை வீட்டில் காலமானார். அது வாடகை வீடு. சில வேட்டி சட்டைகள், செருப்பு, புத்தகங்கள், சுமார் 130 ரூபாய். அவர் விட்டுப்போனதாகப் பரவலாகச் சொல்லப்படும் சொத்து இவ்வளவுதான். மறு வருஷம் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது.

களத்தில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது

- செய்ய முடியாத பொறுப்பை ஏற்காதீங்க. ஏற்றுவிட்டால், முடியவில்லை என்று சொல்லி விலகுவதில் வெட்கம் இல்லை.
- வீட்டுக்கு வருகிற சலுகையைக் கேட்டு வாங்கவில்லை என்பது காரணம் ஆகாது. வந்தாலும் திருப்பி அனுப்பணும்.
- கணக்கைக் கொடுத்தவருக்கு மட்டும் இல்லை, வாங்குகிற ஊருக்கும் காட்டணும்.
- நாம் நல்லவர் என்ற நினைப்பில் எதிர்க்குரலைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

மல்லாங்கிணறிலோ சிவகாசியிலோ நாளைக்கு ஒரு பயனாளிகள் பட்டியல் எழுதப்படும்போது காமராஜர் வந்து சரிபார்க்கப் போவதில்லை. நோட்டு அந்தப் பணியாளர் கையில்தான் இருக்கும். தன் வீட்டுக் குழாயை எடுக்கச் சொல்கிற மனசு அவருக்கு இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான், கடைசி வீட்டில் இருக்கிறவர் பெயர் அதில் ஏறும்.