ஒளியை வரைந்த ஓவியர் குளோட் மொனே

நிழலின் நிறம் யாது என்று வினவினால், கருமை என்றே நம்மிற் பலரும் விடையிறுப்போம். ஆயின், காலை வெயிலில் மரத்தடியில் நின்று உற்று நோக்குவார்க்கு, அந்நிழலில் நீலமும் ஊதாவும் விரவியிருத்தல் புலனாகும். மனம் அறிந்துவைத்திருப்பது வேறு. கண் காண்பது வேறு. இவ்வேறுபாட்டைத் தம் தூரிகையால் உலகுக்கு உணர்த்திய பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேயின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

மொனே 1840ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் பாரிஸ் நகரிற் பிறந்து, லெ ஆவர் என்னுந் துறைமுக நகரில் வளர்ந்தார். பள்ளிப் பருவத்திலேயே ஊராரைக் கேலிச்சித்திரமாக வரைந்து விற்றுப் பொருளீட்டினார். திறந்த வெளியில் நின்று வானையும் கடலையும் வரையுமாறு அவரை ஆற்றுப்படுத்தியவர் பூதேன் என்னும் ஓவியர். 1862இல் பாரிசிற் பயிலுங்கால், ரெனுவார், சிஸ்லி, பசீல் ஆகியோர் அவர்க்கு நண்பராயினர்.

அக்காலத்தில் அரசின் ஆதரவு பெற்ற ஓவியக் காட்சியே கலைஞரின் வாழ்வையும் தாழ்வையும் நிருணயித்தது. புராணக் கதைகளையும் சரித்திர நிகழ்ச்சிகளையும் அறைக்குள்ளிருந்து மெருகுற வரைதலே சிறப்பெனக் கருதப்பட்டது. மொனே முதலியோரோ, உலோகக் குழாய்களில் அடைத்த வண்ணங்களை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கும் வயல்வெளிக்குஞ் சென்றனர். கணந்தோறும் மாறும் ஒளியைப் பற்றவேண்டி, சிறுசிறு தீற்றல்களாக விரைந்து தீட்டினர். தூய வண்ணங்களை அடுத்தடுத்து வைத்தனர். நிழலுக்குக் கருமையைப் பெரும்பாலும் விலக்கினர். அருகிருந்து நோக்கின் வெறும் வண்ணத் திட்டுக்களாகத் தோன்றுபவை, சற்று விலகி நோக்கின் நீராகவும் இலையாகவும் ஒன்றுகூடும்.

1874இல் இவர்கள், பிசாரோ, தெகா, பெர்த் மொரிசோ முதலானோருடன் கூடித் தனியே ஒரு காட்சி நடத்தினர். துறைமுகத்துச் சூரியோதயத்தைக் காட்டும் மொனேயின் படமொன்று, மனப்பதிவு என்னும் சொல்லைத் தன் பெயரிற் கொண்டிருந்தது. லெருவா என்னும் பத்திரிகையாளர் அச்சொல்லைப் பற்றிக்கொண்டு அனைவரையும் எள்ளி எழுதினார். அவ்வேளனப் பெயரே பின்னர் இக்கலை நெறிக்கு நிலைத்த பெயராயிற்று.

வறுமையோ அவரை எளிதில் விட்டகலவில்லை. நண்பரிடம் பொருளுதவி வேண்டிப் பலகால் கடிதம் எழுதினார். 1879இல் மனைவி கமீல் 32 வயதில் இறந்தார். இறந்தாரின் முகத்தையும் மொனே வரைந்தார். அவ்வேளையிலும் அம்முகத்தில் மாறிச்சென்ற நிறங்களைத் தம் கண் தம்மையறியாமலே அளந்துகொண்டிருந்ததை, முதுமையில் நண்பர் கிளமென்சோவிடம் துயரத்தோடு கூறினார். கலை அவர்க்கு வரமாக மட்டுமன்றித் தளையாகவும் இருந்ததென்பதை இதனால் அறிகின்றோம்.

1883இல் ஜிவேர்னி என்னுஞ் சிற்றூரிற் குடியேறினார். 1890இலும் 1891இலும் வயலிலுள்ள கதிர்ப்போர்களையே வெவ்வேறு பொழுதுகளிற் பலமுறை வரைந்தார். ஒளி மாறுந்தோறும் ஒரு படத்தை வைத்து மற்றொன்றை எடுப்பார். பொருள் ஒன்றாயினும், விடியலிலும் அந்தியிலும் பனியிலும் தோற்றம் வேறு என்பது அப்படங்களாற் புலனாயிற்று.

பின்னர்த் தம் தோட்டத்து அல்லிக் குளத்தையே உலகாகக் கொண்டார். 1912இல் அவர் கண்களிற் புரை படர்ந்திருப்பதை மருத்துவர் கண்டனர். நிறங்கள் மங்கின, குழாய்களின்மேல் ஒட்டிய பெயரைப் படித்து வண்ணந் தெரியவேண்டிய நிலை வந்தது. எனினும் தூரிகையைக் கைவிட்டாரல்லர். 1923இற் சத்திர சிகிச்சை பெற்று, மீண்டும் வரைந்தார். 1926 டிசம்பர் 5ஆம் நாள் இறந்தார். அவர் நாட்டுக்கு நல்கிய அல்லிக்குளப் பேரோவியங்கள், 1927இல் பாரிஸ் ஒராஞ்சரி மண்டபத்திற் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைக்கப்பட்டன.

மாணாக்கர்க்கு நாம் கூறவிரும்புவது ஒன்றே. இலை பச்சை, வானம் நீலம் என்று கேட்டறிந்ததை எழுதுமுன், ஒருமுறை வெளியே சென்று கண்ணாரக் காண்மின்.