கொல்லர் மகன் டாம்பியன்

பழைய ஆங்கிலப் பைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்போர் பல நாடுகளிலும் உளர். பொன்னுறையும் எனாமல் வேலையும் யார் கண்ணையும் கவர்வன. ஆயினும் தேர்ந்த சேகரிப்பாளர் உறையைத் திறந்து, உள்ளே தகட்டில் பொறித்த பெயரையே முதலில் நோக்குவர். அப்பெயர் தாமஸ் டாம்பியன் என்றிருப்பின் அவர்தம் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. ஆங்கிலக் கடிகாரக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் அப்பெருமகனாரின் வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூற விழைகிறோம்.

பெட்ஃபோர்டுஷயரில், ஒரு சிற்றூர்க் கொல்லரின் மகனாய்த் தோன்றியவர் டாம்பியன். 1639-ஆம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று, 1671-இல் கடிகாரத் தொழிலாளர் கழகத்தில் இடம்பெற்றார்.

அந்நாளில் பைக்கடிகாரம் நாளொன்றுக்குக் கால்மணி, அரைமணி பிழைபடுவது இயல்பு. பெரும்பாலானவற்றில் நிமிடமுள்ளும் இல்லை. 1675-இல், அறிஞர் இராபர்ட் ஹூக்கின் கருத்தின்படி, மயிரிழை போன்ற சுருள்வில் அமைந்த கடிகாரமொன்றை இரண்டாம் சார்லஸ் மன்னருக்கெனச் செய்தார். அதே ஆண்டில் ஹாலந்து அறிஞர் ஹைகன்சும் இம்முறையை வெளியிட்டார். சுருள்வில்லால் பிழை சில நிமிடங்களாகக் குறைந்தது. நிமிடமுள்ளும் வழக்கிற்கு வந்தது. 1676-இல் கிரீனிச் வானாய்வு நிலையத்திற்கு, ஒருமுறை சாவி கொடுத்தால் ஓராண்டு ஓடும் இரு கடிகாரங்களை அமைத்தார்.

அவர் பட்டறையில் ஏறத்தாழ 5,500 பைக்கடிகாரங்கள் உருவாயின. அவற்றிற்கு வரிசையெண் பொறிக்கும் வழக்கத்தையும் அவர் மேற்கொண்டார். இரயில்வேயில் பேரேடு எழுதும் எம்போன்றோர்க்கு அதன் அருமை எளிதில் விளங்கும். எண்ணிட்டவர் அப்பொருளுக்குப் பொறுப்பேற்றவர் ஆகிறார். அவர் புகழ் ஓங்கவே, அவர் பெயரைத் தாங்கிய போலிகளும் தோன்றின. இன்றும் உறையின் எண்ணும் இயந்திரத்தின் எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தே சேகரிப்பாளர் தெளிவடைகின்றனர்.

பிற்காலத்தில் பொன்னின் விலைக்காகப் பழைய கடிகாரங்கள் பலவற்றின் உறைகளை உருக்கினர். உறையிழந்த இயந்திரங்கள் அனாதைகளாய் எஞ்சின. பொன்னை எடைபோடத் தெரிந்தவர்க்கு உழைப்பை எடைபோடத் தெரியவில்லை.

1713-இல் மறைந்த டாம்பியன், வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அவருடைய உதவியாளராய் இருந்து, அவர்தம் உடன்பிறந்தார் வழிப் பெண்ணை மணந்த ஜார்ஜ் கிரகாமும் 1751-இல் அதே கல்லறையில் இடம்பெற்றார். 1838-இல் அகற்றப்பட்ட அவர்தம் நினைவுக்கல் 1866-இல் மீண்டும் பதிக்கப்பெற்றது. ஊர்விட்டு வந்து கைத்திறனையே முதலாகக் கொண்டு உயர்ந்த அக்கொல்லர் மகனை, பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த நாமும் எண்ணிப் பார்ப்பது தகும்.